வலியும் வேதனையும்: புற்றுநோயாளியின் மாண்பு குறித்து

ஜனவரி 15 கேரளத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு நாள். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட இருபது நாள்களில் ஆண்டுதோறும் கருத்தரங்குகளும் பேரணிகளும் பரிசோதனை முகாம்களும் நடைபெறுகின்றன. நோயை முன்கூட்டியே கண்டறிய வேண்டும், புகையிலையை ஒழிக்க வேண்டும் என்னும் முழக்கங்கள் எழுகின்றன. இவை அனைத்தும் தேவையானவை. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை நோய் வராதவரை நோக்கிப் பேசுபவை. நோய் வந்துவிட்டவரிடம், அந்நோயோடு ஐந்தாண்டோ பத்தாண்டோ வாழப் போகிறவரிடம், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம் பேசுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

இது ஒரு சிலரைப் பற்றிய கேள்வி அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அளித்துள்ள மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் கிளைக் கூட்டத்தில் அமர்ந்திருப்போருள் தம் வீட்டிலோ உறவிலோ இந்நோயைக் காணாதவர் அரியர்.

மருந்து விலை, அரசு மருத்துவமனை, காப்பீடு ஆகியவை பற்றி இடதுசாரி இயக்கம் விரிவாகப் பேசியிருக்கிறது, போராடியும் இருக்கிறது. நோயாளியின் மனநலம், மாண்பு என்று வரும்போது மட்டும் ஒரு தயக்கம் தென்படுகிறது. மருந்துக்கே வழியில்லாதவரிடம் மனத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என்றோ, அது மருத்துவரும் சமயத்தாரும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்றோ ஓர் எண்ணம் நிலவுகிறது. இவ்வெண்ணத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புற்றுநோயாளியின் மனத்துயரில் பெரும்பங்கு அவர் இழக்கும் கூலியிலிருந்து பிறக்கிறது. அவருக்குப் புரியாத மொழியில் எடுக்கப்படும் முடிவுகளிலிருந்தும், தணிக்கப்படாத வலியிலிருந்தும், அண்டை அயலார் குறைத்துக்கொள்ளும் பேச்சிலிருந்தும் பிறக்கிறது. இவை யாவும் சமூகத்தின் கையில் உள்ளவை. ஆகவே அமைப்பின் கையிலும் உள்ளவை.

எல்லையில் சில சொற்கள்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலும், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றைச் சார்ந்த எல்லைக் கிராமங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், பேச்சும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன.

இப்பகுதியில் ஒருவருக்கு மார்பில் கட்டி தென்பட்டாலும், வாயில் ஆறாத புண் கண்டாலும் இறுதியில் சென்று சேரும் இடம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையம். 1981இல் நிறுவப்பட்டு, டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த இந்நிறுவனம், கேரளத்தவருக்கும் தென் தமிழகத்து எளிய மக்களுக்கும் ஒருங்கே புகலிடமாக விளங்கி வருகிறது. எல்லைக் கிராமங்களில் 'ஆர்.சி.சி.' என்னும் எழுத்துகளே நோயின் பெயராகிவிட்டன. 'ஆர்.சி.சி.க்குப் போகிறார்' என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அங்கே நோயாளி சந்திக்கும் சொற்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மலையாள எழுத்து வழக்கில் இந்நோயின் பெயர் 'அர்புதம்'. தமிழ்ச் செவியில் அது 'அற்புதம்' என்றே விழும். செவிலியர் பரிவுடன் 'வேதனையுண்டோ?' என்று கேட்கிறார். மலையாளத்தில் வேதனை என்றால் உடல்வலி. தமிழில் அது மனத்துன்பம். 'விஷமமுண்டோ?' என்று கேட்டால் அங்கே அது 'வருத்தம் உண்டா' என்னும் கேள்வி. இங்கே விஷமம் என்பது குறும்பு. நோயாளி தமிழில் 'வலி' என்று சொன்னால், மலையாளத்தில் அச்சொல் இழுப்பைக் குறிக்கும்.

எல்லைக் கிராமத்தார் பெரும்பாலும் இருமொழியாளர். சந்தையிலும் பேருந்திலும் இச்சொற்கள் அவர்களைத் தடுமாறச் செய்வதில்லை. ஆனால் நோயின் பெயரைக் கேட்ட நாளில், அச்சத்தின் நடுவே, இரண்டாம் மொழி முதலில் கைவிட்டுப் போகும். அப்போது மனிதருக்குத் துணை நிற்பது தாய்மொழி ஒன்றே. பூவாரிலும் பாறசாலையிலும் இப்படியென்றால், நாகர்கோவிலுக்குத் தெற்கிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மலையாளமே அறியாது வருவோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

'வேதனையுண்டோ?' என்னும் அக்கேள்விக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. உடல்வலியையும் மனத்துன்பத்தையும் ஒரே சொல் இரு மொழிகளில் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளியின் உடலிலும் அவை அவ்வாறே கலந்து கிடக்கின்றன. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் மருத்துவமனையைத் தொடங்கி நவீன நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட சிசிலி சாண்டர்ஸ், 'முழுமையான வலி' என்றொரு கருத்தை முன்வைத்தார். உடல், மனம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கின் துன்பங்களும் பின்னிப் பிணைந்ததே நோயாளியின் வலி என்பது அவர் கண்டது. மகள் திருமணம் நின்றுபோகுமோ என்று அஞ்சும் தாய்க்கு இரவில் முதுகுவலி கூடுகிறது. அவ்வச்சத்தைக் கேட்க ஒருவர் வந்து அமர்ந்தால் மாத்திரையின் வேலை எளிதாகிறது.

யாருடைய ஒப்புதல்?

நம் மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவர் மகனை வெளியே அழைத்து நோயின் பெயரைச் சொல்வார். மகன், 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்' என்பார். அன்று முதல் வீட்டில் ஒரு நாடகம் தொடங்கும். அம்மா எல்லாவற்றையும் அறிவார்; முடி உதிர்வதிலிருந்தே அறிவார்; பேரப்பிள்ளைகள் அருகில் வந்ததும் பெரியவர்கள் பேச்சை மாற்றுவதிலிருந்தே அறிவார். தமக்குத் தெரியும் என்பதை வீட்டாரிடம் காட்டிக்கொள்ளாமல் அவரும் நடிப்பார். அன்பினால் எழுப்பப்பட்ட இச்சுவருக்குள் அவர் தனியே இருக்கிறார். நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, யாரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும், எந்தச் சண்டையை முடித்துக்கொள்ள வேண்டும் என்பவற்றைப் பேச அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத் தக்கது. சிகிச்சைக்கான ஒப்புதல் நோயாளியுடையது. சுயநினைவு மீளும் நிலையில் உள்ள வயதுவந்த ஒரு பெண்ணுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவருடைய தாய் கொடுத்த ஒப்புதல்கூடச் செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, மாண்புடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, செயற்கை முறையில் உயிர் நீட்டிக்கப்படுவதை மறுக்கும் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வழிவகுத்தது. 2023இல் அதன் நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. சட்டம் நோயாளியை முடிவெடுக்கும் மனிதராகப் பார்க்கிறது. வீடும் மருத்துவமனையும் அவரைக் குழந்தையாக நடத்துகின்றன.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அறிய விரும்பாதிருப்பதும் நோயாளியின் உரிமையே. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்பதுதான் மாண்பின் முதற்படி. அக்கேள்வி அவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். நாட்டின் மருத்துவமனைக் கோப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. புரியாத தாளில் இடப்படும் கைந்நாட்டு சட்டத்தின் கண்ணுக்கு ஒப்புதலாகத் தோன்றலாம். மனிதர் கண்ணுக்கு அது ஒப்புதலாகாது.

கேரள அலுவல் மொழிகள் சட்டம் 1969, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகைசெய்தது. தலைமைச் செயலகத்துக்கு எழுதும் மனுவுக்கு உள்ள இவ்வுரிமை, ஒருவரின் உறுப்பை அகற்றும் அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் தாளுக்கு அதனினும் பன்மடங்கு தேவை. தமிழ்ப் பள்ளிகளைக் காப்பது பற்றி நாம் பேசும்போது, நோயுற்றோரின் தமிழையும் சேர்த்தே பேச வேண்டும்.

வலியைத் தணிப்பதன் அரசியல்

முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிக்க மலிவான மருந்து உண்டு. அது மார்ஃபின். அம்மருந்துக்கு மூலமான அபினி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் பயிராகி, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமங்களின் சுமையாலும் தண்டனை அச்சத்தாலும் நம் மருத்துவமனைகள் அம்மருந்தை வைத்திருப்பதையே கைவிட்டன. நம் வயலில் விளைந்த மருந்து பிற நாட்டு நோயாளியின் வலியைத் தணித்தது. நம் நோயாளி துடித்துக்கொண்டிருந்தார். நீண்ட முயற்சிக்குப் பின் 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது.

அத்திருத்தத்துக்காக உழைத்தோருள் முன்னணியில் நின்றவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய சிறு வலிதணிப்பு மையம், கேரளத்தின் வரலாற்றையே மாற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் வலைப்பின்னலாக அது விரிந்தது. சுமைத் தொழிலாளர், ஆசிரியர், வீட்டிலிருக்கும் பெண்கள், கல்லூரி மாணவர் ஆகியோர் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி பெற்று, நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் உள்ளாட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் அளித்திருந்ததால், இம்முயற்சி அரசமைப்புக்குள் வேரூன்ற இடம் கிடைத்தது. 2008இல் தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு, தோழர் பி.கே. ஸ்ரீமதி சுகாதார அமைச்சராக இருந்தபோது, நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. மாநில அரசு ஒன்று இத்தகைய கொள்கையை வகுத்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. இன்று கிராமப் பஞ்சாயத்துதோறும் பயிற்சி பெற்ற செவிலியர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு இருப்பது அதன் விளைவே. கண்ணூரில் தோழர்கள் முன்னின்று நடத்தும் ஐ.ஆர்.பி.சி. போன்ற அமைப்புகளும் இம்மரபில் வந்தவை.

கருணையுள்ளம் கொண்ட சிலரின் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டால் நாம் பாடத்தைத் தவறவிடுவோம். மருத்துவரின் அறிவு, மக்களின் நேரம், உள்ளாட்சியின் பணம், அரசின் கொள்கை ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் வலி தணிந்தது. இவற்றுள் ஒன்று விலகினாலும் மற்றவை தள்ளாடும். அரசு விலகிவிட்டால் தன்னார்வலர் பிச்சை கேட்பவர் ஆவார். மக்கள் விலகிவிட்டால் செவிலியரின் வருகை பதிவேட்டில் இடும் கையெழுத்தாகச் சுருங்கும்.

தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு அளிப்பதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. இரு மாநிலங்களின் வீட்டுப் பராமரிப்பும் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் வந்து நிற்கின்றன. ஆனால் பாறசாலைப் பக்கத்துச் செவிலியர் களியக்காவிளைப் பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றவரின் கோப்பில் உள்ளதை, குமரி மாவட்டத்தில் அவரைப் பார்க்க வரும் செவிலியர் அறிய வேண்டும். நோய் கோட்டைக் கடந்து போய்வருகிறது. பராமரிப்பு கோட்டில் நின்றுவிடக் கூடாது. இரு மாநிலத் தோழர்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

கூலியும் மனமும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், நாட்டில் நிகழ்ந்த தற்கொலைகளுக்கான காரணங்களுள் குடும்பச் சிக்கலுக்கு அடுத்த இடத்தில் இருப்பது நோய். நூற்றில் 18 பேருக்கு மேல் அக்காரணத்தின் கீழ் வருகின்றனர். இக்கணக்கில் எல்லா நோய்களும் அடங்கும். நோயின் துன்பம் உடலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்' என்னும் எண்ணமே நோயாளியைத் தின்னும் எண்ணங்களுள் கொடியது. அவ்வெண்ணம் வானத்திலிருந்து விழுவதன்று. வள்ளத்தில் போகாத நாளுக்குப் பங்கு இல்லை என்னும் மீனவரின் கணக்கிலிருந்தும், மீன்கூடையைத் தூக்க முடியாத பெண்ணின் கடன் ஏட்டிலிருந்தும் அது பிறக்கிறது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் உள்ளவருக்குப் புற்றுநோய் வந்தால், விதிகளுக்கு உட்பட்டு, ஈராண்டு வரை கூலியில் 80 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். தொழிற்சங்க இயக்கம் பெற்றுத் தந்த மாண்பு இது. பூவார், பொழியூர் கடற்கரைகளில் வலை இழுப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், நூறு நாள் வேலையை நம்பியிருந்தவருக்கும் இப்பயன் இல்லை. அவர்களுக்கு நோய் கண்ட நாளே வருமானம் நின்ற நாள். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் நோய்க்கால ஊதியம் என்னும் கோரிக்கையை மனநலக் கோரிக்கையாகவும் நாம் எழுப்ப வேண்டும்.

மருந்து விலையும் அவ்வாறே. சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்களுக்கான பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் மருந்து மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் அளித்தபோது அதே மருந்து 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் மீது நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை உச்சநீதிமன்றம் மறுத்தது. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது மக்கள் நலக் காப்புகளுக்காக நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் விடாது நின்றதன் பலனும் அத்தீர்ப்பில் உண்டு. மருந்து வாங்க வீட்டை விற்க வேண்டுமா என்று இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவருக்கு அளிக்கத்தக்க மனநலச் சிகிச்சைகளுள் மலிவான மருந்து முதன்மையானது.

பராமரிப்பவரையும் மறக்கலாகாது. பெரும்பாலான வீடுகளில் அது மனைவி, மகள், மருமகள். நோயாளி ஆணாயினும் பெண்ணாயினும் இரவில் விழித்திருப்பவர் பெண்ணே. அவருடைய கூலியும் நின்றுபோகிறது. அவருடைய அழுகையைக் கேட்பாரில்லை. நோயாளி பெண்ணாக இருந்தால் துயரம் இரட்டிக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். மார்பை இழந்த பெண்ணை முழுமையற்றவளாகப் பார்க்கும் பார்வை நோயிலிருந்து வந்ததன்று. ஆணாதிக்கச் சமூகத்திலிருந்து வந்தது. சிகிச்சை முடிந்து திரும்பியவரை மாதர் அமைப்பின் பொறுப்புக்கு மீண்டும் அழைப்பது அவருக்கு நாம் செய்யும் தயவன்று. அவருடைய இடம் அவருக்கே உரியது.

குற்றம் சுமத்தும் நாவும் போர் முழக்கமும்

வாய்ப் புற்றுநோய் வந்தவரிடம் அனைவரும் முதலில் கேட்பது, 'வெற்றிலை போடுவீர்களா, பீடி உண்டா?' என்பதே. மருத்துவர் கேட்டால் அது விசாரணை. ஊரார் கேட்டால் அது தண்டனை. விடியுமுன் பனையேறுபவரும் கடலுக்குப் போகிறவரும் பசியையும் களைப்பையும் மறக்கப் புகையிலையை நாடினர். அதை விற்றவர் கொழுத்தனர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் தொழிலாளி. மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் திருவனந்தபுரம் மாவட்டப் பஞ்சாயத்துகளில் தொடங்கி, 2005இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழிப்பதற்கு நாம் செலவிடும் மூச்சில் பாதியைப் பரிசோதனைக்குச் செலவிட்டால் உயிர்கள் மிஞ்சும்.

நம் சொற்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 'மதவெறி என்னும் புற்றுநோய்', 'ஊழல் புற்றுநோய்போல் பரவுகிறது' என்று மேடைகளிலும் ஏடுகளிலும் சொல்லப்படுகிறது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக், தாம் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் 1978இல் எழுதிய 'நோய் என்னும் உருவகம்' பற்றிய நூலில் இதையே கேள்விக்குள்ளாக்கினார். சமூகத்தின் தீமைகளுக்கெல்லாம் ஒரு நோயின் பெயரைச் சூட்டும்போது, அந்நோய் உள்ளவர் தீமையின் இருப்பிடமாகிறார் என்பது அவருடைய வாதம். கூட்டத்தின் மூன்றாம் வரிசையில் தலைக்குட்டை கட்டி அமர்ந்திருக்கும் தோழர் அச்சொல்லை எவ்வாறு கேட்பார்? மதவெறியைச் சுட்ட நஞ்சு, நெருப்பு, கறையான் என எத்தனையோ சொற்கள் தமிழில் உண்டு. ஒரு நோயாளியின் பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை.

'புற்றுநோயோடு போராடி வென்றார்' என்னும் வாசகமும் அத்தகையதே. போராட்டம் நமக்கு உயர்ந்த சொல்; ஆகவேதான் எச்சரிக்கை வேண்டும். வென்றவர் போராளி என்றால், இறந்தவர் சரியாகப் போராடாதவரா? அஞ்சவும் அழவும் சோர்ந்து படுக்கவும் நோயாளிக்கு உரிமை இல்லையா? 1895இல் தொண்டைப் புற்றுநோயால் பேச்சிழந்த ஃபிரெடரிக் ஏங்கெல்ஸ், இறுதி நாள்களில் சிலேட்டில் எழுதியே நண்பர்களோடு உரையாடினார். அவர் தோற்றார் என்று யாரும் சொல்வதில்லை. கணையப் புற்றுநோய் கண்ட பின்னும் மார்க்சிஸ்ட் கட்சியின் கேரள மாநிலச் செயலாளராகப் பணியாற்றி, 2022 அக்டோபர் 1 அன்று மறைந்த தோழர் கொடியேரி பாலகிருஷ்ணனும் தோற்றவர் அல்லர். 2014இல் இடது முன்னணி ஆதரவுடன் சாலக்குடியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்ற நடிகர் இன்னொசென்ட், தம் நோயைப் பற்றி 'கேன்சர் வார்டிலே சிரி' என்று சிரிப்பையே தலைப்பாக்கி மலையாளத்தில் நூல் எழுதினார். சிரித்தவர், பணியாற்றியவர், சிலேட்டில் எழுதியவர் என ஒவ்வொருவரும் தம் வழியில் நோயோடு வாழ்ந்தனர். எவ்வழியும் இன்றி வெறுமனே துன்புற்றவருக்கும் அதே மாண்பு உண்டு.

இங்கே ஒரு நுண்ணிய எல்லையும் உண்டு. கடலோரக் கிராமங்களில் ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஆறுதல் தேடுவோர் பலர். அவ்வாறுதலை இகழ்வது நம் வேலையன்று. ஆனால் மருந்தை நிறுத்து, சுகம் தருகிறேன் என்று சொல்லிப் பணம் பறிப்பவரை அம்பலப்படுத்துவது நம் வேலை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் சட்டம் தடைசெய்துள்ளது. அர்புதத்துக்கு அற்புதம் விற்போர், நோயாளியின் தனிமையில்தான் கடை விரிக்கின்றனர். அத்தனிமையைப் போக்கினால் கடைக்கு வாடிக்கையாளர் குறைவர்.

கிளைகள் செய்யத் தக்கவை

தலைமையின் சுற்றறிக்கைக்குக் காத்திராமல் நம் கிளைகள் தொடங்கக்கூடிய பணிகள் சில உண்டு.

முதலாவது, மொழித்துணை. இரு மொழியும் அறிந்த தோழர்கள் எல்லைப் பகுதியில் ஏராளம். மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியுடன் ஒரு நாள் உடன் செல்வதும், மருத்துவர் சொன்னதை நோயாளிக்கே, அவர் விரும்பும் அளவுக்கு, விளக்குவதும் பெரும் தொண்டு. மருத்துவர் சொல்லாததைச் சேர்க்காமலும் சொன்னதை மறைக்காமலும் இருப்பதே இதற்கான ஒழுக்கம். இத்தொண்டு நடக்கும்போதே, நோயாளியின் மொழியில் ஒப்புதல் தாளும் விளக்கமும் தரப்பட வேண்டும் என்னும் கோரிக்கையும் நடக்க வேண்டும். தொண்டு கோரிக்கைக்கு மாற்றாகிவிடலாகாது.

இரண்டாவது, பஞ்சாயத்தின் நோய்த்தணிப்புத் திட்டத்தில் தன்னார்வலராகப் பதிந்து பயிற்சி பெறுவது. வீட்டுக்குப் போகிறவர் அறிவுரை சொல்லப் போகக் கூடாது. 'தைரியமாக இருங்கள்' என்பது எளிய சொல். அமர்ந்து கேட்பது அரிய செயல். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் வாலிபர் சங்கத் தோழர்கள் வீடுகளிலிருந்து திரட்டி வழங்கும் பொதிச்சோறு கற்பிப்பது இதையே. யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில், வாழையிலையில் பொதிந்து வந்த சோறு, பெறுபவரைப் பிச்சைக்காரராக்குவதில்லை, விருந்தினராக்குகிறது.

மூன்றாவது, மனநலச் சேவைகளை அறிமுகப்படுத்துவது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய டெலி-மானஸ் உதவி எண் 14416. கேரளத்தின் 'திஷா' எண் 1056. இவ்வெண்கள் நம் படிப்பகங்களின் சுவரில் எழுதப்பட வேண்டும். வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை வாய்ச்சொல்லென்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேட வேண்டும்.

நான்காவது, தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல். சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு இலகுவான வேலை, பரிசோதனை நாள்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, பராமரிப்பவருக்கும் விடுப்பு, அமைப்புசாராத் தொழிலாளருக்கு நோய்க்கால ஊதியம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

நம் அரசமைப்பின் முகப்புரை தனிமனிதரின் மாண்பை உறுதியளிக்கிறது. அவ்வுறுதி நலமாக இருப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. வேதனை, விஷமம், வலி ஆகிய சொற்கள் எல்லையில் பொருள் மாறுகின்றன; 'நோவு' என்னும் சொல் மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் நிற்கிறது. நோய் என்னும் சொல்லுக்கும் அதுவே வேர். ஒருவருடைய நோவு எங்கே, எவ்வளவு, எதனால் என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கத் தெரிந்த அமைப்புக்கு மக்களிடம் இடம் உண்டு. வரும் கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நம் பகுதியில் இந்நோயோடு வாழ்வோர் யார் யார், அவர்களை யார் சென்று பார்ப்பது என்பதை ஒரு பொருளாகச் சேர்ப்போம்.